சாப்பாடு, தண்ணீர், நடுவில் அரை மணி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமிருந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், என்ன சாப்பிடுவது என்று கேட்டவர்களைவிட எப்போது தண்ணீர் குடிப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நான் வேலை பார்க்கும் அறுவை சிகிச்சைப் பிரிவில் தினமும் காதில் விழும் கேள்வி இது. நான் டயட்டீஷியன். மருந்தின் அளவை மாற்றுவது என் வேலை இல்லை. அந்தப் பேச்சு வரும் இடத்தில் உங்கள் டாக்டரிடம் போகச் சொல்வேன். மற்றதைப் பேசலாம்.

கேள்வி: மேடம், ஸ்லீவ் அறுவை சிகிச்சை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) முடிந்து ஆறாவது வாரம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் அரை மணி பின்னும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாள்கூட மீறவில்லை. ஆனால் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சிறு உணவு என்று போனால் குடிக்க நேரமே கிடைப்பதில்லை. அரை லிட்டர் உள்ளே போனால் பெரிது. எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. போகப் போகச் சரியாகிவிடுமா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: தானாகச் சரியாகட்டும் என்று விடக்கூடிய விஷயம் இல்லை, அம்மா. அதனால்தான் இதழ் அச்சாகும்வரை காத்திருக்காமல் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன்: இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள் என்று. இங்கே எழுதுவது உங்களைப் போலவே பயந்துகொண்டு நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக.

எழுந்தால் கிறுகிறுப்பு, அடர்ந்த சிறுநீர், வறண்ட வாய், தலைவலி, மலச்சிக்கல் எல்லாமே உடலில் தண்ணீர் வற்றுவதன் அடையாளங்கள். இந்த அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் காரணங்களில் நீர்ச்சத்துக் குறைவு முன்வரிசையில் நிற்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், தண்ணீர் குறையக் குறையக் குமட்டும். குமட்டினால் குடிக்கத் தோன்றாது. குடிக்காவிட்டால் இன்னும் வற்றும்.

அமெரிக்காவின் பேரியாட்ரிக், அதாவது எடைக் குறைப்பு, அறுவை சிகிச்சைச் சங்கமும் வேறு மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொல்கிறது: பானங்களை மெதுவாக, முடிந்தவரை சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிக்க வேண்டும், தினமும் ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டும். வீட்டுக்குப் போகும்போது முதல் பாதி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடுகிறது. இரண்டாவது பாதி காற்றோடு போகிறது. என்னைக் கேட்டால் இரண்டாவது பாதிதான் முதலில் வர வேண்டும். நாள் முழுக்கப் போகும் அளவு முதலில், கடிகாரம் அப்புறம். இரண்டில் ஒன்று ஒரு நாள் தவறியே ஆக வேண்டும் என்றால், கடிகாரம் தவறட்டும்.

சரி, நேரம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் 15 நிமிடம், சாப்பிட 25 நிமிடம், பின்னால் 30 நிமிடம். மூன்று வேளைக்கு மூன்றரை மணி நேரம். சிறு உணவு இரண்டுக்கும் சாப்பிடும் நேரம் 15, பின்னால் 30. ஒன்றரை மணி நேரம். ஆக, 5 மணி நேரம் போகிறது. மீதி 11 மணி நேரம் முழுக்க உங்களுடையது. ஒன்றரை லிட்டரை 11 மணி நேரத்தில் பிரித்தால் மணிக்கு 140 மில்லிக்கும் குறைவு. கால் மணிக்கு 35 மில்லி. இருமல் மருந்துடன் வரும் சின்ன மூடிக் கோப்பைகளில் இரண்டு மூன்று நிரப்பினால் அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் மூடியில் எத்தனை மில்லி என்று கோடு போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முன்னால் 15 நிமிடம் என்று போட்டதைக் கவனித்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு இடைவெளி என்பதில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்கு வேறு. வெறும் தண்ணீர் வெறும் இரைப்பையில் நீண்ட நேரம் தங்குவதில்லை. சீக்கிரமே கீழே இறங்கிவிடும். அதனால் தண்ணீர் போதாமல் தவிப்பவர்களுக்கு நான் முதலில் குறைப்பது இந்த முன் இடைவெளியைத்தான். உங்கள் மருத்துவக் குழுவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். பின் இடைவெளியில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கே உணவு இன்னும் உள்ளே இருக்கிறது.

காலையில் கண் விழித்ததிலிருந்து முதல் சாப்பாடு வரை இருக்கும் நேரத்தைப் பலர் வீணாக்குகிறார்கள். முதல் சாப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் அந்த நேரத்திலேயே 150, 200 மில்லி போய்விடும். தண்ணீர் கல்லைப் போல உள்ளே உட்காருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது உங்கள் கற்பனை இல்லை, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு நிறையப் பேருக்கு அப்படி இருக்கும். வெதுவெதுப்பாகக் குடித்துப் பாருங்கள். சிலருக்கு நேர்மாறாகக் குளிர்ந்த தண்ணீர்தான் இறங்கும். ஒரு துண்டு எலுமிச்சை போட்டாலும் சரி. எது இறங்குகிறதோ அது நல்லது.

எப்போது காத்திருக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்கக் குடித்தது எதுவும் தங்காமல் வெளியே வந்தால், சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டால், உடனே போங்கள். காய்ச்சல், வயிற்று வலி, படபடவென்று வேகமான நாடித்துடிப்பு சேர்ந்து வந்தால் தையல் போட்ட இடத்தில் கசிவாக இருக்கலாம், அது அவசரம். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1, அதாவது தையமின், குறைந்துபோய் மூளையைத் தாக்கும். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். வேறு ஏதாவது ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றப் போனால், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு இரைப்பைப் பைபாஸ் முறையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை. சின்ன வயதிலிருந்து சாப்பிடும்போதே தண்ணீர் குடித்துப் பழகியவன். காரணம் தெரியாமல் எதையும் கடைப்பிடிக்க எனக்கு வராது. ஏன் பிரித்துக் குடிக்க வேண்டும் என்று கொஞ்சம் விளக்குங்கள் மேடம்.
(பொறியாளர் ஒருவர்)

பதில்: காரணம் கேட்பவர்கள்தான் கடைசிவரை கடைப்பிடிக்கிறார்கள், அதனால் உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.

சாதாரண இரைப்பை ஒரு லிட்டருக்கு மேலும் விரிந்து கொடுக்கும். ஸ்லீவ் முறையில் அதில் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாயைப் போல விடுகிறார்கள். ஆரம்பத்தில் 100, 150 மில்லி பிடிக்கும். உங்களுக்குச் செய்யப்போகும் பைபாஸில் மேலே சுமார் 30 மில்லி பிடிக்கும் சிறு பை மட்டும் வேலையில் இருக்கும். அந்தப் பை நேராகச் சிறுகுடலில் திறக்கும். இரைப்பையின் கீழ்வாயில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் தசைக் கதவு ஒன்று உண்டே, அது ஸ்லீவில் இருக்கிறது, பைபாஸில் வழியிலேயே இல்லை.

இனி நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தச் சிறு பையில் உணவு இருக்கும்போது மேலே தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? ஒன்று, இடம் போதாமல் நெஞ்சடைப்பும் வாந்தியும். இல்லையென்றால், உணவும் தண்ணீரும் கலந்து வேகமாகச் சிறுகுடலுக்குள் கொட்டும். இனிப்பான உணவாக இருந்தால் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி. இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும்: இன்சுலின் அதிகமாகச் சுரந்து சர்க்கரை சரிந்துவிடும். டம்பிங் வருபவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று பானத்தைச் சாப்பாட்டிலிருந்து பிரிப்பது.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தினமும் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் போக வேண்டும். இடமோ கொஞ்சம். அதில் தண்ணீர் முதலில் இடம் பிடித்துக்கொண்டால் முட்டையும் மீனும் தட்டிலேயே நிற்கும். எடை குறையும், கூடவே தசையும் கரையும், முடியும் கொட்டும்.

தண்ணீர் உணவைக் கழுவித் தள்ளிவிடும், அதனால் சீக்கிரம் பசிக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதற்கு ஆய்வு ஆதாரம் மெலிந்ததுதான். மற்ற காரணங்களே போதும் என்பதால் நான் அதை அதிகம் சொல்வதில்லை.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, இன்றைக்கே சாப்பாட்டு மேஜையிலிருந்து டம்ளரை எடுத்துவிடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆயிரம் புதுப் பழக்கம் வரும். ஒன்றையாவது முன்கூட்டியே முடித்துவைத்தால் நல்லது.

கேள்வி: என் மனைவிக்குப் பைபாஸ் முடிந்து நான்கு மாதம். கோழி இறைச்சி இரண்டு வாய் சாப்பிட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். நான் பதறிப்போய்த் தண்ணீர் கொடுக்கிறேன். குடித்ததும் நுரை நுரையாக எச்சில் பொங்கி எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது. நான் கொடுக்கும் தண்ணீர்தான் காரணமா?
(கணவர் ஒருவர்)

பதில்: ஐயா, விக்கினால் தண்ணீர் கொடுப்பது நம் எல்லோருடைய கையும் தானாகச் செய்வது. உங்கள் மேல் குற்றம் இல்லை. ஆனால் இனிமேல் கொடுக்காதீர்கள்.

பையும் சிறுகுடலும் சேரும் இடம் மிகக் குறுகலானது. சரியாக மெல்லாத இறைச்சித் துணுக்கு அங்கே போய் அடைத்துக்கொள்கிறது. அடைப்பு இருக்கும்போது ஊற்றும் தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கும். உடம்பு வேறு அடைப்பைக் கரைக்கிறேன் என்று கெட்டியான எச்சிலைச் சுரந்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் நீங்கள் பார்க்கும் அந்த நுரை.

அடைத்தவுடன் ஸ்பூனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். எழுந்து மெல்ல நடக்கட்டும். எச்சில் ஊறினால் விழுங்க வேண்டாம், துப்பிவிடட்டும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாக இறங்கிவிடும். அந்த வேளைச் சாப்பாடு அதோடு முடிந்தது. வயிறு அமைதியானதும் தண்ணீர் சிப் சிப்பாகத் தொடரலாம். சில மணி நேரம் ஆகியும் இறங்காமல் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரி. மூச்சு விட முடியாமல், பேச முடியாமல் திணறினால் அது வேறு, மூச்சுக்குழாயில் அடைப்பு. அங்கே ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது.

இனி ஒருமுறை அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, எதுவும் பேசாமல், அவர் ஸ்பூனை மட்டும் பாருங்கள். வார்டில் நான் செய்வது அதைத்தான். வாயில் இருப்பது இன்னும் மென்று முடியவில்லை, அதற்குள் அடுத்த வாய் ஸ்பூனில் ஏறி உதட்டருகே காத்திருக்கும். அநேகமாக எல்லோரிடமும் இதைப் பார்க்கிறேன். மெல்லும்போது ஸ்பூன் தட்டில் படுத்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஊட்டும் சின்ன ஸ்பூன் வாங்கிக் கொடுங்கள். இறைச்சியைச் சூடுபடுத்தும்போது காய்ந்து நாராகிவிடும், அதுதான் அதிகம் அடைப்பது. கிரேவியோடு ஈரமாக, பொடியாகப் பிய்த்துப் போடுங்கள். இரண்டு வாரம் இறைச்சியையே நிறுத்திவிட்டு முட்டை, மீன், தயிர், மசித்த பருப்பு என்று போனாலும் புரோட்டீன் குறையாது.

இவ்வளவும் செய்த பிறகும் அடிக்கடி அடைத்தால், அல்லது மென்மையான உணவே இறங்காவிட்டால், கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். இணைப்பு இடம் தழும்பால் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறு பலூனை விட்டு அதை விரித்துவிட முடியும். மெல்லத் தெரியவில்லை என்று மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தால் அந்த விஷயம் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: சூப் தண்ணீர்க் கணக்கா, சாப்பாட்டுக் கணக்கா? புரோட்டீன் பானம்?

பதில்: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் பானம், சாப்பாட்டோடு வேண்டாம். ஸ்பூனில் ஒட்டி நின்றால் அது சாப்பாடு. புரோட்டீன் பானம் இரண்டு பக்கமும் சேரும்: அது ஒரு சிறு சாப்பாடுதான், ஆனால் அதில் கலந்த தண்ணீரை அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். உணவை ஈரமாக்கும் கிரேவியையும் தயிரையும் நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் எல்லாமே திரவம் என்பதால் இந்த இடைவெளிப் பேச்சு பெரிதாக எழாது. கெட்டியான உணவு தொடங்கும் நாளிலிருந்துதான் கவனம் வேண்டும்.

கேள்வி: ஸ்ட்ரா போட்டுக் குடிக்கலாமா? சோடா?

பதில்: ஸ்ட்ராவால் காற்றும் உள்ளே போகும் என்பார்கள். உங்களுக்கு ஏப்பமும் உப்புசமும் வரவில்லை, ஸ்ட்ரா இருந்தால்தான் குடிக்க முடிகிறது என்றால், தாராளமாகக் குடியுங்கள். சோடா, கோலா எல்லாம் வேண்டாம். சின்ன இரைப்பையில் வாயு படுத்தும் பாடு போதாதென்று அதில் சர்க்கரை வேறு.

கேள்வி: ஸ்லீவ் செய்து ஐந்து வருடம். இப்போது சாப்பிடும்போது கொஞ்சம் தண்ணீர் குடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் குறைந்த எடையில் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது. தண்ணீர்தான் காரணமா? சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் மட்டும் விட முடியவில்லை.
(வாசகி ஒருவர்)

பதில்: சாப்பாட்டோடு நீங்கள் குடிக்கும் அந்த இரண்டு மடக்குத் தண்ணீரை நான் சந்தேகப்படவில்லை. சந்தேகம் எல்லாம் கடைசி வாக்கியத்தின் மேல்தான்.

ஒரு முட்டையை நன்றாக மென்று சாப்பிட்டால் ஐந்து வருடம் கழிந்த ஸ்லீவும் 'போதும்' என்று சொல்லும். அதே இரைப்பைக்கு பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கொடுத்தால் வாயிலேயே கூழாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நிறைந்த உணர்வே வராது. பாக்கெட் காலியான பிறகுதான் தெரியும். சிப்ஸும் குளிர்பானமும், கேக்கும் காபியும் இதே வகைதான். இடைவெளி விதி பல வருடம் கழித்தும் உதவுவது இந்த இடத்தில்தான்.

டீயை விடச் சொல்ல மாட்டேன். டீயைத் தனியாகக் குடியுங்கள். பிஸ்கட் வேண்டுமென்றால் டீ இல்லாமல், மென்று, தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள். எத்தனை இறங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம். அந்த நேரத்தில் உண்மையிலேயே பசிக்கிறது என்றால் முதலில் ஒரு புரோட்டீன் உணவு, அரை மணி கழித்து டீ.

இன்னொன்று, மிகக் குறைந்த எடையைத் தொட்ட பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பது. அதற்காகக் கூனிக் குறுகி செக்கப்புக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தைராய்டு, மருந்துகள், தூக்கம், மனநிலை என்று பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. இரத்தப் பரிசோதனை வருடாவருடம் எப்படியும் வேண்டும்.

கேள்வி: காலையில் தைராய்டு மாத்திரை, அப்புறம் இரும்புச் சத்து, கால்சியம், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று வரிசையாக இருக்கிறது. மாத்திரை விழுங்கவும் தண்ணீர் வேண்டுமே, அந்த அரை மணிக்குள் விழுங்கலாமா?

பதில்: விழுங்கலாம். மாத்திரைக்கான ஒரு வாய்த் தண்ணீரை விதிமீறலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரையைத் தண்ணீருக்குப் பயந்து தள்ளிப்போடுவதுதான் தவறு.

மாத்திரைகளுக்குள் இருக்கும் இடைவெளிதான் உங்களுக்கு முக்கியம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வர வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும், ஒன்று மற்றொன்றை உறிஞ்சவிடாது. டீ, காபியும் இரும்பைத் தடுக்கும், அதனால் இரும்பு மாத்திரையைத் தண்ணீரில்தான் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி உங்கள் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகம் போக்கும் வகையா என்றும் கேளுங்கள். அந்த வகை என்றால், வாந்தியோ பேதியோ வந்து குடிக்க முடியாத நாளில் அதைத் தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டரைக் கேட்டாக வேண்டும். எடை குறையக் குறைய பிரஷர், சர்க்கரை மாத்திரைகளின் அளவும் மாற வேண்டியிருக்கும். பழைய சீட்டையே வைத்து வாங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

சர்க்கரை மாத்திரை இருப்பதால் இதையும் எழுதுகிறேன். கை நடுங்கி, வியர்த்து, சோதித்தால் 70-க்குக் கீழே காட்டினால், சாப்பிட்டு ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தாலும் இடைவெளியைப் பார்க்காதீர்கள். 15 கிராம் குளுக்கோஸ், தண்ணீரில் கரைத்து, உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் கொஞ்சம் புரோட்டீன் உணவு. அப்புறம் டாக்டருக்குப் போன் செய்து, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சர்க்கரை இறங்கியது, இரண்டையும் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, சாப்பாட்டை மாற்றுவதா என்று அந்த நேரத்தை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.